குடும்பப் பெயர்

படிவத்தின் மூன்றாம் கட்டத்தில்
குடும்பப் பெயர் கேட்கிறார்கள்.
என் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பா இருக்கிறார், தங்கையா.
கிங்ஸ்லியின் கடவுச்சீட்டில் அவன் அப்பா, தேவசகாயம்.
ரூபனுடையதில் கிங்ஸ்லி.
நாசரேத்தில் இதை இனிஷியல் என்போம்,
ஓர் எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான்.
இங்கே கணினிக்கு
மூன்று பேரும் மூன்று குடும்பம்.

"இவர்கள் உங்களுக்கு என்ன உறவு?"
மனிதவளப் பிரிவுப் பெண் கனிவாகத்தான் கேட்டாள்.
கோயில் திருமணப் பதிவேட்டின் நகலை நீட்டினேன்.
குருவானவரின் கையெழுத்து
மீன்முள் மாதிரி இருந்தது.
மொழிபெயர்க்க ஐம்பது வெள்ளி.

உறவு தேறிவிட்டது.
தேறாதது சம்பளம்.

நான் வந்த வருடம் இருந்த வரம்புக்கு
முந்நூறு வெள்ளி குறைவு.
இரவுப் பணியைச் சேர்த்தால் தாண்டிவிடுவேன்.
சேராதாம்.
நிலையான மாதச் சம்பளம் மட்டும்தான் கணக்கு.
மூன்று மணிக்கு யாரோ மணியடிக்க
நான் எழுந்து ஓடிய இரவுகள்
நிலையில்லாதவை.

இரண்டு வருடம், ஒரு சான்றிதழ்ப் படிப்பு,
தோளில் ஒரு பட்டை கூடுதல்.
ஏப்ரலில் வரம்பைத் தொட்டேன்.
மோட்டார் சைக்கிளை விற்றுவிடு என்று
கிங்ஸ்லிக்குப் போன் போட்டேன்.
விற்றான்.
விண்ணப்பத்துக்குத் தாள்கள் சேர்த்து முடிப்பதற்குள்
வரம்பு மாறிவிட்டது.
இப்போது அறுநூறு குறைவு.
வண்டியை வாங்கியவன் தினமும்
எங்கள் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறானாம்.
சத்தம் கேட்டதும் ரூபன்
அப்பா வந்தாச்சு என்று வாசலுக்கு ஓடுகிறானாம்,
அப்பா பின்னால் நிற்கும்போதே.

பார்வையாளராக வரலாம், முப்பது நாள்.
போன டிசம்பரில் வந்தார்கள்.
தோ பாயோவில் என் வாடகை அறை, ஒற்றைக் கட்டில்.
எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது,
பத்து மணிக்கு மேல் குளிக்கக்கூடாது என்ற மேடம் லிம்
நான்காம் நாள் தானே ரூபனுக்கு மைலோ கலந்தார்.
என்னிடம் பேசும்போதெல்லாம் அவன்
என் முகத்தைப் பார்க்காமல்
மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தான்.
பழக்கம்.

செந்தோசாவில் ஒரு சறுக்கு வண்டி.
பக்கத்துப் பலகையில் சிவப்புக் கோடு,
அந்த உயரம் இருந்தால்தான் ஏறலாம்.
குதிகாலைத் தூக்கிப் பார்த்தான்.
இரண்டு விரல் குறைவு.
"அடுத்த தடவை நான் வளந்திருப்பேன்லாம்மா?"
"ஆமாடா."
"கோடு அங்கயேதான இருக்கும்?"
கிங்ஸ்லி ஐஸ்கிரீம் வாங்கப் போனான்.

நேற்று ஏழாம் வார்டில்
அறுவை முடிந்து கண் திறந்தார் அங்கிள் குவெக்.
ஆபத்துப் பட்டியலில் இல்லை,
ஆகவே ஒரு நேரத்தில் இருவர்தான்.
இரண்டு மகள்கள் உள்ளே.
மூன்றாமவள் தைப்பிங்கிலிருந்து
இரவெல்லாம் பேருந்தில் வந்து
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்,
கையில் ஒரு பை ரம்புத்தான்.
"யாராவது ஒருத்தர் வெளியே வந்தால் நீங்கள் போகலாம்."
ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம், தானாக வந்தது.
யார் எழுந்திருப்பது என்று உள்ளே இருவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
அவள் பையை வலக்கையிலிருந்து
இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கதவைத் திறக்கும் அட்டையைத் தேய்த்துவிட்டு
மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு
பதினொன்றாம் கட்டிலுக்குப் போனேன்.
அங்கே சலைன் பை நிறையத்தான் இருந்தது.
முதுகைத் திருப்பி
அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை மறுபடியும் படிவம்.
மூன்றாம் கட்டம்.
தேவசகாயம் என்று அடித்து முடித்ததும்
விரல் தன்பாட்டுக்கு ஒரு புள்ளி வைத்தது.
எழுத்துகள் மட்டும், என்றது திரை.